ஆர்கானிக் மூலிகைக் கிட் வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். ஆன்லைனில் ‘100% ஆர்கானிக் மூலிகைத் தோட்டக் கிட்’ ஒன்று 1,499 ரூபாய்க்கு வருகிறது. ஆறு சின்னத் தொட்டி, கோகோபீட் (தென்னை நார்க்கழிவு), உரம், அதோடு துளசி, பேசில், கொத்தமல்லி, புதினா, ரோஸ்மேரி, லாவெண்டர் விதைகள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த ஆறில் நாலுக்குக் கிட் விதையே தேவையில்லை. மீதி இரண்டில் ஒன்று விதையிலிருந்து லேசில் வராது, இன்னொன்று உங்கள் ஊர் புழுக்கத்துக்கு ஒத்துவராது.

புதினாவை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. சந்தையில் வாங்கும் கட்டில் தடித்த தண்டாக நாலைந்து எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வேர் விட்டுவிடும். கொத்தமல்லிக்கு மளிகைக் கடைத் தனியாவே போதும், பழையதாக இல்லாமல் இருந்தால் சரி. லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதையுங்கள். சித்திரை வெயிலில் மட்டும் முயல வேண்டாம். பேசில் என்று கிட்டில் வருவது நம் திருநீற்றுப்பச்சிலை இனம்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சப்ஜா விதை அதனுடையதே. இத்தாலிய ரகத்தின் மணம் சற்று வேறு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். துளசிக்கு அக்கம்பக்கத்தில் ஒரு காய்ந்த கதிர் கேட்டு வாங்குங்கள்.

ரோஸ்மேரி விதையிலிருந்து முளைப்பது மிகக் குறைவு. முளைத்தாலும் செடியாக நிற்க மாதக்கணக்கில் ஆகும். ஆசையிருந்தால் வேர்விட்ட கன்றாக வாங்குங்கள். லாவெண்டர் குளிர்ச்சியும் வறண்ட காற்றும் கேட்கிற செடி, சென்னையின் புழுக்கத்தில் தாங்காது. இதெல்லாம் விற்பவருக்குத் தெரியாமல் இருக்காது. படம் அழகாக இருக்கிறது என்பதற்காக இவற்றைச் சேர்த்து விற்பதுதான் எனக்குக் கோபம் தருகிறது.

அப்புறம், அந்த ‘100% ஆர்கானிக்’. உணவுப் பொருளை அப்படிச் சொல்லி விற்கச் சட்டம் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகள்படி சான்றிதழ் வேண்டும், ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்கும். தமிழ்நாட்டில் இயற்கை விவசாயப் பண்ணைகளுக்கு விதை மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை சான்று கொடுக்கிறது. தொட்டியும் கோகோபீட்டும் உணவுப் பொருள் அல்ல. அவற்றின் மேல் அச்சிட்ட ‘ஆர்கானிக்’ என்ற வார்த்தைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

அந்தப் பணத்தை மண்ணில் போடுங்கள். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் சம அளவு, அதில் ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. கோகோபீட் கட்டி வாங்கும்போது ‘கழுவியது’, ‘லோ இ.சி.’ (உப்பு குறைவு) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கழுவாத தென்னை நார்க்கழிவில் உப்பு நிற்கும், இளம் வேர் கருகும். எப்படியானாலும் ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. மண்புழு உரம் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகிறது. ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பையைக் கையில் தூக்கிப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் தண்ணீரை எடை போட்டு விற்கிறார்கள். நாற்றம் அடித்தால் சரியாக மக்கவில்லை.

கேள்வி: நர்சரியில் கறிவேப்பிலை, தூதுவளை, வல்லாரை கன்றுகள் வாங்கினேன். உடனே பறித்துச் சாப்பிடலாமா?

பதில்: கூடாது. பல நர்சரிகளில் பூச்சிக்குக் குருணை மருந்தை மண்ணிலேயே போடுகிறார்கள். வேர் உறிஞ்சி இலைக்குக் கொண்டுபோகும் மருந்து அது. கழுவினால் போகாது. வாங்கும்போதே ‘குருணை போட்டீங்களா?’ என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், அந்த மண்ணை முடிந்தவரை உதிர்த்துவிட்டு உங்கள் கலவையில் நடுங்கள். இருக்கும் இலைகளைக் கழித்துப் போட்டு, இரண்டு மூன்று மாதம் போய்ப் புதிதாக வரும் தளிரைப் பறியுங்கள். கற்பூரவல்லிக்கு இந்தக் கவலையே இல்லை. தெரிந்தவர் வீட்டில் ஒரு கிளை ஒடித்து ஊன்றினால் போதும், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

கேள்வி: பால்கனியில் காலையில் மூன்று மணி நேரம்தான் வெயில். எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு வாங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. புதினா, வல்லாரை, கற்பூரவல்லி, வெற்றிலை அந்த வெளிச்சத்துக்கு வரும். துளசியை மட்டும் மாடியில் வையுங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே ஒரு கிட் வாங்கிவிட்டேன். ஒரு விதைகூட முளைக்கவில்லை. ‘விதைக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்லிக் கைகழுவ முடியாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்படி, குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது.

முதலில் ஆதாரம் சேருங்கள். மிச்ச விதையில் இருபதை எண்ணி ஈரத் துணியில் மடித்து இரண்டு வாரம் வையுங்கள். ரோஸ்மேரியை இதில் சேர்க்காதீர்கள், கொத்தமல்லி, துளசி போதும். விதை பாக்கெட்டில் முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி, காலாவதி தேதி, லாட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாததே தனிக் குறை. துணியையும் பாக்கெட்டையும் சேர்த்துப் படம் எடுங்கள். விளம்பரப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அதை அவர்கள் மாற்றிவிடலாம்.

பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும். வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.