சிங்கப்பூரிலிருந்து டோக்கியோவுக்கு விமானத்தில் எவ்வளவு தொலைவு, எவ்வளவு நேரம்? திரும்பும் பயணம் ஏன் நீள்கிறது?

இரு நகரங்களுக்கும் இடையே, பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வழியில், தொலைவு ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர். மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் ஆறு மணி நேரம் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் பயணச்சீட்டில் குறிக்கப்படும் நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, சென்று நிற்பதில் முடிவதால், ஓடுபாதைக்காகக் காத்திருப்பதும் மேலேறி இறங்குவதும் அதில் சேர்ந்து, டோக்கியோ செல்ல ஏறக்குறைய ஆறே முக்கால் முதல் ஏழு மணி நேரம் ஆகிறது.

திரும்பும்போது பெரும்பாலும் ஏழு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஜப்பானுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலிமையான காற்றோட்டமே இதற்குக் காரணம். குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை எளிதில் கடக்கும். வடகிழக்காகச் செல்லும் விமானத்தை அது உந்துகிறது, தென்மேற்காகத் திரும்பும் விமானத்தை எதிர்க்கிறது. இந்தக் காற்றை 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலை அறிஞர் ஓய்ஷி வசபுரோ என்பது பலரும் அறிய வேண்டிய செய்தி.

டோக்கியோவின் கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதையும் மறக்கக் கூடாது. காலை 8 மணிக்குப் புறப்பட்டு ஏழு மணி நேரம் பயணம் செய்தால், அங்கே மாலை 4 மணி ஆகியிருக்கும். பயணச்சீட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரப்படியே அச்சிடப்படுவதால், இரண்டையும் நேரடியாகக் கழித்துப் பார்ப்பவர்களுக்குப் பயண நேரம் தவறாகத்தான் கிடைக்கும்.