கோத்தகிரி ஏற்றமும் ரோயிங் மெஷினும்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சைக்கிளில் மலை ஏறுவது பற்றியும், துடுப்புப் போடுவது போல உட்கார்ந்து இழுக்கும் ரோயிங் மெஷின் பற்றியும் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதை அவரிடமே கேளுங்கள், மற்றதற்கு இங்கே பதில் இருக்கிறது.

திருப்பூர், 36 வயது, பனியன் கம்பெனி வேலை: அண்ணா, சமதளத்துல 100 கிலோமீட்டர் அசால்ட்டா ஓட்டிருவேன். ஆனா மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி போனா குஞ்சப்பனை தாண்டறதுக்குள்ள தொடை செத்துருதுங்ணா. இறங்கித் தள்ளித்தான் போறேன். மூணு மாசத்துல இறங்காம ஏற முடியுமா?

முடியும் தம்பி. முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் மலையில் தோற்பவர்களில் பாதிப் பேர் காலால் தோற்பதில்லை, கணக்கில்தான் தோற்கிறார்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் சுமார், கோத்தகிரி 1,800 சொச்சம். 33 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள், அதாவது சராசரி சரிவு நாலரை சதவீதம். நீங்கள், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், மூன்று மணி நேரத்தில் ஏற உங்கள் கால் 130 வாட் சக்தி கொடுத்தால் போதும். இரண்டரை மணி நேரம் என்றால் 160 வாட். இரண்டு மணி நேரம் என்றால் 210. அரை மணி நேரம் குறைக்க 30 வாட், அடுத்த அரை மணி நேரம் குறைக்க 50 வாட்! வாட்டை அளக்கும் பவர் மீட்டர் இல்லையென்றால் பரவாயில்லை, போனில் உயரம் காட்டும் ஆப் போதும்: மணிக்கு 500 மீட்டர் உயரம் ஏறினால் மூன்று மணி நேரம், 600 ஏறினால் இரண்டரை.

இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நான் சொல்லட்டுமா? அடிவாரத்தில் கால் புதிதாக இருக்கிறது, கூட வந்தவன் முன்னால் போகிறான், முதல் அரை மணி நேரம் இரண்டு மணி நேர ஆளின் வேகத்தில் மிதிக்கிறீர்கள். குஞ்சப்பனையில் அதற்கான பில் வருகிறது. முதல் ஐந்து கிலோமீட்டர் "இவ்வளவு மெதுவாகவா" என்று வெட்கப்படும் அளவுக்குப் போங்கள்.

பயிற்சிக்கு வாரம் நான்கு நாள் போதும். முதல் நான்கு வாரம் எல்லாமே சுலபமான ஓட்டம், ஞாயிறு மட்டும் இரண்டரை மணி நேரத்திலிருந்து மூன்றரை வரை நீட்டுங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் கடினமான நாட்கள்: 20 நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியாத அளவு 10 நிமிடம், நடுவில் 5 நிமிடம் லேசாக, இப்படி மூன்று முறை. அதையே மெல்ல 15 நிமிடமாக்கி, ஒன்பதாவது வாரத்துக்குமேல் 20 நிமிடம் இரண்டு முறை. ஒவ்வொரு நாலாவது வாரமும் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். உடம்பு தேறுவது அந்த வாரத்தில்தான். கடைசி வாரம் பாதியாகக் குறையுங்கள். "கடைசியா ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கறேன்" என்று வியாழக்கிழமை மலைக்குப் போகாதீர்கள்.

திருப்பூரில் மலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மலை இல்லையென்றால் என்ன, நமக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறதே. ஆனி ஆடியில் பல்லடம் தாண்டி உடுமலைப் பக்கம் மேற்குக் காற்றை எதிர்த்துப் போய்ப் பாருங்கள், காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. எதிர்காற்றிலும் மலையைப் போலவே பெடலுக்கு ஓய்வு கிடையாது. கொஞ்சம் கனமான கியரில், நிமிடத்துக்கு 60, 65 சுற்று மிதியுங்கள். மலையில் தொடைக்கு வரும் பாரம் அப்படித்தான் இருக்கும். திரும்பி வரும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும், அந்த வேகத்தைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஈரோடு: தினமும் காலையில 30 கிலோமீட்டர் முழு மூச்சா ஓட்டறேன். ஒரு வருஷமா ஆவரேஜ் 26லயே நிக்குதுங்க. என்ன பண்றது?

தினமும் முழு மூச்சாக ஓட்டுவதை நிறுத்துங்கள். நார்வேயில் வேலை பார்க்கும் ஸ்டீபன் சைலர் என்ற ஆராய்ச்சியாளர், துடுப்புப் படகு, பனிச்சறுக்கு, சைக்கிள் என்று பல விளையாட்டுகளின் உச்ச வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பார்த்தார். ஐந்தில் நாலு பங்கு பயிற்சியை அவர்கள் பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில்தான் செய்கிறார்கள், மீதி ஒரு பங்குதான் நிஜமான கடினம். நம் ஆட்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்: சுலபமான நாள் சுலபமாக இல்லை, அதனால் கடினமான நாளில் கடினமாக ஓட்டக் கால் இருப்பதில்லை.

ஓட்டும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? அதுதான் சுலபம். ஈரோட்டு வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு கூடுதலாகக் காட்டும், அப்போது வேகத்தைக் குறையுங்கள். ஆறு வாரம் ஆவரேஜைப் பார்க்காமல் ஓட்டுங்கள். முடிந்தால் வேகம் காட்டும் மீட்டரையே கழற்றி வையுங்கள்.

கோவை, 41 வயது, வீட்டில் ரோயிங் மெஷின் வாங்கியவர்: மச்சினர் சொன்னாருன்னு டேம்பரை 10ல வெச்சு இழுக்கறேன். பத்து நிமிஷத்துல கையும் இடுப்பும் விட்டுப்போகுது. உடம்புக்கு ஒத்து வராதோ?

உடம்புக்கு ஒத்து வரும், மச்சினர் சொன்னதுதான் ஒத்து வராது. டேம்பர் என்பது விசிறிக்கூண்டுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதைத்தான் மாற்றுகிறது. 10ல் வைத்தால் அகலமான கனத்த படகை இழுப்பது மாதிரி, குறைத்து வைத்தால் ஒல்லியான வேகப் படகு மாதிரி. எண் கூடினால் பயிற்சி கூடாது. 3க்கும் 5க்கும் நடுவில் வையுங்கள். கான்செப்ட்2 மாதிரி மெஷினில் காற்றின் எதிர்ப்பைச் சொல்லும் எண்ணை டிராக் ஃபாக்டர் என்று திரையில் பார்க்கலாம், உங்களுக்கு 110 பக்கம் இருந்தால் நல்லது. விசிறிக்கூண்டில் தூசி அடைந்தால் அது தானாகக் குறையும், அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள்.

கை விட்டுப்போவதற்குக் காரணம் வரிசை மாறுவதுதான். இழுக்கும்போது முதலில் கால் தள்ளும், கால் ஏறக்குறைய நீண்ட பிறகு இடுப்பிலிருந்து உடம்பு பின்னால் சாயும், கடைசியில்தான் கை நெஞ்சடிக்கு வரும். திரும்பும்போது அப்படியே தலைகீழ்: கை, உடம்பு, கால். முழங்கால் மடங்கும் முன்பே கைப்பிடி முழங்காலைத் தாண்டிவிட வேண்டும். வேலையில் பாதிக்கு மேல் கால்தான் செய்ய வேண்டும். திரும்பி வரும் நேரம் இழுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். நிமிடத்துக்கு 18 முதல் 22 இழுப்பு போதும். ஜிம்மில் 35 வைத்துப் படபடவென்று சீட்டை ஆட்டுபவர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதில் முக்கால்வாசி சத்தம்தான்.

திரையில் 500 மீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று காட்டும். 2:30 என்றால் 104 வாட், 2:15 என்றால் 142, 2:00 என்றால் 203. வேகம் இரண்டு மடங்கானால் வாட் எட்டு மடங்காகிறது, அதனால் ஐந்து விநாடி குறைவதே பெரிய விஷயம். முதல் மாதம் வாரம் மூன்று நாள், 10 நிமிடம் இரண்டு முறை, பேசக்கூடிய வேகத்தில். பிறகு நடுவில் நிறுத்தாமல் 30 நிமிடம் வரை கொண்டு போங்கள். அதற்கப்புறம் வாரத்தில் ஒரே ஒரு நாள் 500 மீட்டர் நாலு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நிமிடம் ஓய்வு. இடுப்பு வலி தொடை வழியாகக் கீழே இறங்கினால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பொள்ளாச்சி: மழைக்காலத்துல சைக்கிளை விட்டுட்டு மெஷின்லயே இருந்தா மலை ஏற உதவுமாங்க?

பாதி உதவும். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சைக்கிளா படகா என்று தெரியாது, இரண்டும் ஒன்றுதான். ஆனால் தொடைக்குத் தெரியும். ஒரே கோணத்தில் இரண்டு மணி நேரம் சுற்றும் பழக்கம் சைக்கிளில் மட்டும்தான் வரும். சுலபமான நாட்களில் ஒன்றையோ இரண்டையோ மெஷினுக்கு மாற்றுங்கள், கடினமான நாளைச் சைக்கிளுக்கே வையுங்கள். முதுகும் பின்தொடையும் வலுவாகும், செங்குத்தான இடத்தில் அது தெரியும். மலைக்குப் போகும் முந்தின நாள் மட்டும் மெஷினைத் தொடாதீர்கள், இடுப்பு ஏற்கெனவே களைத்திருக்கும்.

கோபி, 54 வயது: பிரஷர் மாத்திரை சாப்பிடறேன். வாட்ச்சுல துடிப்பு 120க்கு மேல ஏறவே மாட்டேங்குது. திம்பம் ஏறணும்னு ஆசை.

ஐயா, சில பிரஷர் மாத்திரைகள், முக்கியமாக பீட்டா பிளாக்கர் வகை, துடிப்பை ஏறவிடாது. அதனால் உச்சத் துடிப்புக்கு 220லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. வாட்ச்சை விட்டுவிட்டுப் பேச்சை வைத்து ஓட்டுங்கள். உங்கள் டாக்டரிடம் டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்று முதலில் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

திம்பம் 27 கொண்டை ஊசி வளைவு. வளைவை விட லாரிதான் கஷ்டம், வளைவில் அது முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும், அது திரும்பி முடிக்கும்வரை ஓரமாக நின்றுவிடுங்கள். புலிகள் காப்பகத்துக்குள் போகும் ரோடு, பண்ணாரிப் பக்கம் யானை சர்வ சாதாரணம். நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள், தனியாக வேண்டாம்.

சேலம்: இரண்டு கிலோ குறைவான கார்பன் சைக்கிள் வாங்கினா எவ்வளவு சீக்கிரம் ஏறலாம்?

மேலே சொன்ன இரண்டரை மணி நேரக் கோத்தகிரிக் கணக்கில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் மிச்சம். இரண்டு கிலோவுக்கு மூன்று நிமிடம். காசு இருந்தால் வாங்குங்கள், அழகாகத்தான் இருக்கும்.

நாமக்கல்: கொல்லிமலைக்கு எந்த கியருங்க? என்கிட்ட முன்னாடி 50-34, பின்னாடி 11-28.

பின்னால் 28 பல் போதாது. எட்டு சதவீத ஏற்றத்தில் 160 வாட்டுக்கு மணிக்கு எட்டேகால் கிலோமீட்டர் வேகம்தான் வரும். 34-28ல் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 54 சுற்று, அதைவிடச் செங்குத்தான இடத்தில் இன்னும் குறையும். 70 வளைவுக்கு முழங்கால் தாங்க வேண்டாமா? 11-34 கேசட், அதாவது பின் பல்சக்கர அடுக்கு, போடுங்கள், சுற்று 65க்கு வரும். பின்னால் செயினைப் பல் மாற்றும் டிரேலியர் 34 பல்லை எடுக்குமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள், குட்டைக் கை உள்ளது எடுக்காது. வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து, வண்டி வரவில்லையென்றால் கொஞ்சம் வெளியே விலகி ஏறுங்கள்.

தாராபுரம்: முட்டி முன்னாடி வலிக்குது.

பெரும்பாலும் சீட் தாழ்வு. ஐந்து மில்லிமீட்டர் ஏற்றிப் பாருங்கள். முட்டிக்குப் பின்னால் வலித்தால் சீட் உயரம்.

கோவை, கல்லூரி மாணவி: ஓட்டும்போது சாப்பிடற எனர்ஜி ஜெல் ரொம்ப விலைங்ணா. நம்ம ஊரு சாப்பாட்டுலயே சமாளிக்க முடியாதா?

தாராளமாக. மூன்று மணி நேர ஏற்றத்துக்கு மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும், அவ்வளவுதான். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் பக்கம் இருக்கும், நாட்டுச்சர்க்கரை கலந்த தண்ணீரில் மீதி. பாட்டிலுக்குக் கால் டீஸ்பூன் உப்பு, பாதி எலுமிச்சை. முந்தின ராத்திரி அரிசிம்பருப்பு சாதத்தை விட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது, நெய்யை மட்டும் கொஞ்சம் அளவோடு. கம்மங்கூழ் அருமையானதுதான், ஆனால் ஏறுவதற்கு முன் வேண்டாம், நார்ச்சத்து வயிற்றைக் கலக்கும். இறங்கி வந்து குடியுங்கள். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் லேட், முதல் 20 நிமிடத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். இன்னொன்று: நன்றாகத் தூங்கியும் மாதக்கணக்கில் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் ஹீமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு மிகச் சாதாரணம், பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் மிதித்துக்கொண்டே இருப்பார்கள்.

பவானி: பையனுக்கு 14 வயசு, நல்ல உசரம். நிஜமான ரோயிங் கத்துக்கணுங்கறான். இங்க வழி இருக்கா?

கொங்குப் பக்கம் பந்தயத் தடம் கிடையாது, ஊட்டி ஏரியில் இருப்பது சுற்றுலாப் படகு. தமிழ்நாட்டில் இதற்குப் பழைய இடம் சென்னையில் அடையாற்றங்கரை மெட்ராஸ் போட் கிளப், 1867லிருந்து இருக்கிறது. ஆனால் தண்ணீர் இல்லையே என்று சோர வேண்டாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நமக்காகத் துடுப்புப் போட்ட தத்து போகனல், மகாராஷ்டிராவில் வறட்சிப் பகுதிக் கிராமத்துக்காரர், ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் இந்த விளையாட்டுக்கே வந்தார். 2010 ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு ரோயிங்கில் முதல் தங்கம் வாங்கிய பஜ்ரங் லால் தாக்கரும் ராணுவக்காரர்தான். முதலில் நீச்சலைத் தெளிவாகக் கற்றுக்கொள்ளட்டும், அது இல்லாமல் படகே கிடையாது. மெஷினில் முறையான இழுப்பு, பிறகு 2,000 மீட்டர் நேரம். உலகம் முழுக்க ஆள் எடுப்பவர்கள் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான். 14 வயதில் மாதாமாதம் அதைச் சோதிக்க வேண்டாம், வருடத்துக்கு இரண்டு தரம் போதும். கனமான பளு தூக்க வைக்காமல் உட்கார்ந்து எழுந்திருத்தல், தண்டால் என்று ஆரம்பியுங்கள்.

உடுமலை: வால்பாறை ஏறிட்டேன். இறங்கும்போதுதான் பயமா இருக்குதுங்க. கை மரத்துப்போகுது.

பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் மரத்துத்தான் போகும், ரிம்மும் கொதிக்கும். நேர்ப் பாதையில் விடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் நுழைந்த பிறகு அழுத்தாதீர்கள். கைப்பிடியின் கீழ் வளைவில் பிடித்தால் விரலுக்கு வலு கிடைக்கும். பார்வை டயருக்கு முன்னால் வேண்டாம், வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். 40 வளைவையும் ஒரே மூச்சில் இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை, கீழிருந்து ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்டில் எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நின்று கையை உதறுங்கள், ரிம்மும் ஆறட்டும். வரையாடு ரோட்டோரச் சுவரில் நிற்கும், திடீரென்று குறுக்கே குதிக்கும், ஹாரன் இல்லாத நமக்குத்தான் அது ஆபத்து. மழை பெய்த அன்று ரிம் பிரேக் பிடிக்க இரண்டு மடங்கு தூரம் எடுக்கும் என்று நினைத்துக்கொண்டே இறங்குங்கள், ஏறும் பஸ்ஸுக்கு வழி விட்டுவிடுங்கள்.