இலுப்பைப்பூவா மார்பரி?

கேள்வி: அமெரிக்காவில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் மார்பரிக்குப் பெய்ஜிங்கில் சிலை வைத்திருக்கிறார்களாமே! ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது இதுதானே? சொந்த ஊரில் விலைபோகாதவர்கள் பிழைப்புக்காகப் போய்ச் சேரும் இடம்தானே வெளிநாட்டு லீக்?
(வாசகர், திருச்செங்கோடு)

பதில்: பழமொழி நல்ல பழமொழிதான். ஊரைத்தான் தவறாகப் பிடித்துவிட்டீர்கள். யாவ் மிங் என்ற ஏழரை அடி உயர மனிதரை வளர்த்து, 2002இல் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. புதிய வீரர்களைப் பொறுக்கியபோது முதல் ஆளாக எடுக்கவைத்த லீக் சீனாவினுடையது. அங்கே ஆலை இல்லை என்று யார் சொன்னார்கள்?

சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். பெரிய பெயருக்கு ஏங்கிக் கிடந்த ஊர் என்றால் முதல் சிலை ட்ரேசி மெக்ரேடிக்கு அல்லவா வைத்திருக்க வேண்டும்? ஏழு முறை என்.பி.ஏ. ஆல்-ஸ்டார், அதாவது நட்சத்திர வீரர்களின் ஆட்டத்துக்குத் தேர்வானவர். ஹூஸ்டன் அணியில் யாவ் மிங்குடன் ஆடியவர் என்பதால் சீனாவில் அவருக்கு இருந்த ரசிகர் கூட்டம் மார்பரிக்குக் கனவிலும் இருந்ததில்லை. 2012இல் சிங்தாவ் அணிக்குப் போனார். விமான நிலையமே திணறியது. பருவம் முடிந்தபோது அந்த அணி பட்டியலில் கடைசி. மெக்ரேடி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டு ஜே.ஆர். ஸ்மித் போனார். போட்டிக்கு 30 புள்ளிகளுக்கு மேல் குவித்தார். பயிற்சிக்கு வராததற்காக அபராதமும் கட்டினார். வேலை முடிந்ததும் நேரே என்.பி.ஏ.வின் நியூயார்க் நிக்ஸ் அணி. இவர்களுக்கெல்லாம் சிலை இல்லை.

மார்பரிக்கும் போன உடனே யாரும் சிலை வைத்துவிடவில்லை. 2010 ஜனவரியில் அவர் இறங்கியது பெய்ஜிங்கில் அல்ல, தையுவானில். நிலக்கரிக்குப் பெயர்போன ஷான்சி மாகாணத்தின் தலைநகர். அங்கே ஒரு பருவம், தெற்கே ஃபோஷானில் இன்னொரு பருவம். இரண்டு இடத்திலும் நிலைக்கவில்லை, பெரிதாக எதையும் வெல்லவுமில்லை. உங்கள் கணக்குப்படி பார்த்தால் தையுவானிலேயே சர்க்கரையாகியிருக்க வேண்டுமே!

மூன்றாவதாகத்தான் பெய்ஜிங் டக்ஸ், 2011இல். அந்த அணி அதுவரை பட்டம் வென்றதே இல்லை. எதிரே குவாங்டோங். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் ஏழு பட்டங்களை அள்ளிய அணி அது. அரையிறுதியில் தன் பழைய ஷான்சி அணியை ஐந்து போட்டிகள் வரை இழுபறியாக ஆடிக் கடந்து, இறுதிச் சுற்றில் குவாங்டோங்கை 4-1 என்று சாய்த்தார்கள். 2012 மார்ச் 30 அன்று நடந்த ஐந்தாவது போட்டியில் மட்டும் மார்பரி எடுத்தது 41 புள்ளிகள். ஆட்டம் 124-121. முப்பத்தைந்து வயது. சிலை அதற்குப் பிறகுதான் வந்தது. பின்னர் 2014, 2015 என்று மேலும் இரண்டு பட்டங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீன லீகில் ஓர் அணிக்கு அப்போது இரண்டு வெளிநாட்டவர்தான். அவர்கள் களத்தில் நிற்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. எனவே வெளிநாட்டவர் தனியாக நின்று கோப்பையைத் தூக்கிவிட முடியாது. அவர் பெஞ்சில் உட்காரும் நேரத்தில் சீன வீரர்கள் ஆடியாக வேண்டும். நேற்றுவரை ஒதுங்கி நின்றவனுக்கும் பந்தைக் கொடுத்துப் பழக்கினால்தான் நாளை அவன் கை நடுங்காமல் எறிவான். சக வீரர்களைக் கூட்டிவைத்துப் பேசிப் பேசியே தெம்பேற்றியதால் பெய்ஜிங் ரசிகர்கள் மார்பரிக்கு ‘அரசியல் ஆணையர் மா’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். படையில் சிப்பாய்களின் மனத்தைத் தேற்றும் கட்சி அதிகாரியின் பதவி அது. கேலியும் பாசமும் பாதிப் பாதி.

இந்த இடத்தில் உங்கள் கட்சிக்கும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். பந்தைப் பகிர்வதில் அமெரிக்காவில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. புள்ளிக்கணக்கில் குறை சொல்ல முடியாது. என்.பி.ஏ.வில் போட்டிக்குச் சராசரியாக 19.3 புள்ளிகள், 7.6 அசிஸ்ட்கள் (சக வீரர் புள்ளி எடுக்கும்படி கொடுத்த பந்துகள்), இரண்டு முறை ஆல்-ஸ்டார். விலைபோகாதவர் என்கிறீர்களே, நிக்ஸில் அவருடைய கடைசி ஆண்டுச் சம்பளம் இரண்டு கோடி டாலருக்கு மேல்! ஆனால் அவர் முன்னணி வீரராக இருந்த எந்த அணியும் பருவக் கடைசியில் பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃபில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. நியூஜெர்சி நெட்ஸ் அணி 2001இல் அவரைக் கொடுத்துவிட்டு ஜேசன் கிட் என்ற வீரரை வாங்கியது. 26 வெற்றிகளோடு நின்ற அணி மறு ஆண்டே 52 வெற்றிகளோடு என்.பி.ஏ. இறுதிச் சுற்றுக்குப் போனது. ஓர் ஆட்டக்காரருக்கு இதைவிடப் பெரிய குத்து உண்டா?

பிறகு எல்லாமே வரிசையாகச் சரிந்தது. 2006இல் அவர் கொண்டுவந்த ‘ஸ்டார்பரி’ காலணியின் விலை 14.98 டாலர். மற்ற நட்சத்திரங்களின் பெயர் போட்ட காலணிகள் நூறு டாலரைத் தாண்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதே மலிவுக் காலணியை மாட்டிக்கொண்டே அவர் என்.பி.ஏ. களத்தில் இறங்கினார். 2008இல் அதை விற்ற கடைத்தொடர் திவாலானது. அதற்கு முந்தைய டிசம்பரில் தந்தை இறந்திருந்தார். நிக்ஸ் அணி, சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டே, அணியின் பக்கமே வரவேண்டாம் என்று வீட்டில் உட்காரவைத்தது. 2009 கோடையில் இணையத்தில் ஒரு நாள் முழுக்கத் தன்னைத் தானே ஒளிபரப்பிக்கொண்டார். அழுதார், தொண்டை வலிக்கு மருந்தென்று வாசலினை எடுத்து விழுங்கினார். ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் பலர் அதற்குப் பிறகு அவரைப் பற்றி எதையும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே அவர் பிழைப்புக்குத்தான் போனார். சீனச் சந்தையில் காலணி விற்கலாம் என்ற கணக்கும் இருந்தது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மற்றவர்களிடமிருந்து அவரைப் பிரித்தது வேறு. மெக்ரேடியும் ஸ்மித்தும் திரும்பும் டிக்கெட்டோடு போனார்கள். மார்பரிக்குத் திரும்பிவர இடமே இல்லை. அங்கேயே வாழ்ந்தாக வேண்டிய ஆள், அங்கேயே வாழ்வது எப்படி என்று கற்றுக்கொண்டார். பெய்ஜிங் மெட்ரோ ரயிலில் நின்றுகொண்டு பயணம் செய்யும் அவருடைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். 2014இல் பெய்ஜிங்கின் கௌரவக் குடிமகன், அடுத்து நிரந்தர வசிப்புரிமைச் சீட்டு, அவர் கதையை மேடை நாடகமாக்கி அதில் அவரையே நடிக்கவும் வைத்தார்கள். இதில் அரசாங்கத்தின் விளம்பரப் புத்தியும் கலந்திருக்கிறது. இல்லை என்று நான் சாதிக்கப்போவதில்லை. ஆனால் விளம்பரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் மெக்ரேடி அல்லவா தோதானவர்?

‘சொந்த ஊரில் விலைபோகாதவர்கள்’ என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மார்பரியை நிக்ஸில் பெஞ்சில் உட்காரவைத்த பயிற்சியாளர் மைக் டி'ஆன்டோனி. அவர் யார் தெரியுமா? அமெரிக்காவில் ஆட்டக்காரராக எடுபடாமல் 1977இல் இத்தாலியின் மிலானுக்குப் போனவர். 1990 வரை அங்கேயே ஆடி, ஐந்து இத்தாலியப் பட்டங்களும் 1987, 1988 ஐரோப்பியக் கோப்பைகளும் வென்று, அவர் அணிந்த 8ஆம் எண் சட்டையை இனி யாரும் போடக்கூடாது என்று ஒதுக்கிவைக்கும் அளவுக்கு அந்த ஊரின் செல்லப்பிள்ளையானவர். அந்த இரண்டு கோப்பைகளிலும் அவரோடு ஆடியவர் பாப் மெக்காடூ. 1975இல் என்.பி.ஏ.வின் மிகச்சிறந்த வீரர், லேக்கர்ஸ் அணியோடு இரண்டு என்.பி.ஏ. பட்டங்களும் வென்றவர். இவரும் விலைபோகாதவரா? வேடிக்கை என்னவென்றால், டி'ஆன்டோனி நிக்ஸ் பதவியை விட்டு விலகியது 2012 மார்ச் 14இல். பதினாறாம் நாள் மார்பரி கையில் கோப்பை.

பிழைப்பு என்று நீங்கள் எள்ளலாகச் சொன்னதை நான் எள்ளலில்லாமல் சொல்கிறேன். வெளிநாட்டில் ஆடும் அமெரிக்கர்களில் பெரும்பாலோர் மார்பரி அல்ல. நாலு ஆட்டம் சரியில்லை என்றால் பாதிப் பருவத்தில் அனுப்பிவிட்டு வேறு ஆளை இறக்குவார்கள். சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். கிளப்புகள் பாக்கி வைத்த பணத்தை வாங்கித் தரவென்றே சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2007இல் தனியாக ஒரு தீர்ப்பாயத்தை அமைக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்குகளுக்கு அங்கே பஞ்சமில்லை.

மார்பரிக்கும் கடைசியில் கசப்பு வாய்க்காமல் இல்லை. 2017இல், நாற்பது வயதில், இன்னும் ஆடுவேன் என்றார். மூன்று பட்டம் வாங்கிக்கொண்ட பெய்ஜிங் டக்ஸ் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கேலி செய்தே தீர வேண்டுமென்றால் அந்தக் கிளப்பைச் செய்யுங்கள். அவர் அதே ஊரில் இருந்த இன்னொரு சின்னக் கிளப்புக்குப் போய் 2018 பிப்ரவரி வரை ஆடிவிட்டு நிறுத்தினார். மறு ஆண்டே அந்தக் கிளப் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டது.