றெக்கையில நம்பர் போட்ட காண்டார்

வணக்கம் சார்,
போன மாசம் ஃபேமிலியோட கிராண்ட் கேன்யன் சவுத் ரிம் போயிருந்தோம், மேதர் கேம்ப்கிரவுண்ட்ல டென்ட். காலைல ஜிப்பைத் திறந்தா பத்தடியில ஒரு எல்க் மான் நின்னு மேயுது, பசங்க ஆடிப் போயிட்டாங்க. ஆனா எல்லாரும் பெருசா சொல்ற காண்டார்ங்கிற ராட்சதக் கழுகைப் பாத்தப்போ சப்புன்னு ஆயிடுச்சு. மாட்டுக் காதுல மாட்டுற மாதிரி றெக்கையில நம்பர் டேக்! இதுல என்ன சார் வைல்ட்லைஃப், ஓப்பன் ஜூதானே?
ஆர்., ஃபீனிக்ஸ்

அன்புள்ள ஆர்.,

முதல்ல அந்தப் பத்தடி. எல்க் கிட்ட நூறு அடியாவது தள்ளி நிக்கணும்னு பார்க்ல ரூலே இருக்கு, அதுவா வந்தாலும் நாமதான் மெதுவா பின்னாடி நகரணும். அதுவும் செப்டம்பர், அக்டோபர்ல ஆண் எல்க் இருக்கிற மூடுக்கு செல்ஃபி எல்லாம் வேணாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். டேக் இல்லாத அந்த எல்க் இருக்கு பாருங்க, அதுதாங்க வெளியூர்க்காரன். அரிசோனாவோட பழைய எல்க் இனம் வேட்டையில அழிஞ்சுபோச்சு, 1913ல இருந்து யெல்லோஸ்டோன்ல பிடிச்சு ரயில்ல ஏத்திக் கொண்டு வந்து விட்டதோட வாரிசுங்கதான் இப்ப மேயுறது. காண்டாரோ பனியுக காலத்துலயே அங்க இருந்த பறவை, கேன்யன் குகைகள்ல எலும்பே கிடைச்சிருக்கு.

1982ல உலகத்துலயே 22 காண்டார்தான் மிச்சம். 1987ல காட்டுல இருந்த கடைசிப் பறவையையும் பிடிச்சுட்டாங்க, அப்பவே பெரிய சண்டை, பிடிக்காம கௌரவமா சாக விடுங்கன்னு சொன்னவங்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ ஜூக்கள்ல முட்டை பொரிக்க வச்சு, குஞ்சு மனுஷ முகத்தைப் பாத்துப் பழகிடக் கூடாதுன்னு காண்டார் தலை மாதிரி பொம்மையைக் கையில மாட்டிக்கிட்டு ஊட்டி வளர்த்து, 1996ல கேன்யனுக்கு வடக்க வெர்மிலியன் கிளிஃப்ஸ்ங்கிற பாறை மலையில திறந்து விட்டாங்க. 2003ல கேன்யனுக்குள்ளயே ஒரு குஞ்சு பொரிஞ்சு பறந்துச்சு.

சரி, அதான் பறக்குதே, டேக் இன்னும் எதுக்குன்னு கேப்பீங்க. ஈயம் சார். வேட்டைக்காரங்க மானைச் சுட்டுட்டு குடலை அங்கயே போட்டுட்டுப் போயிடுவாங்க, அதுல ஈயக் குண்டோட துணுக்கு இருக்கும், காண்டார் தின்னா விஷம். அதனால பறவையைத் திரும்பத் திரும்பப் பிடிச்சு ரத்தம் டெஸ்ட் பண்ணி, ஈயம் ஏறியிருந்தா மருந்து குடுத்து விடுறாங்க, எது எந்தப் பறவைன்னு தெரியாம இதை எப்படிச் செய்யுறது? நம்மூர்லயும் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்ங்கிற வலி மருந்துதானே செத்த மாட்டைத் தின்ன பாறு கழுகுகளைக் காலி பண்ணுச்சு, 2006ல தடை பண்ணாங்க, நீலகிரி மோயார் பக்கம் இன்னும் கொஞ்சம் தப்பிச்சு இருக்கு. போதாக்குறைக்கு 2023ல பறவைக் காய்ச்சல் வந்து அரிசோனா-யூட்டா கூட்டத்துல 21 காண்டார் செத்துப்போச்சு. டேக் வேண்டாங்கிற நாள் வரணும்னுதான் எனக்கும் ஆசை, ஆனா அது டேக்கைக் கழட்டுறதால வராது, குண்டை மாத்தினா வரும். ஈயமில்லாத குண்டை அரிசோனாவுல வேட்டைக்காரங்களுக்கு இலவசமாவே குடுக்குறாங்க, நிறைய பேர் மாறியும் இருக்காங்க.

அடுத்த தடவை போனா கொலராடோ ஆத்து மேல இருக்கிற நவாஹோ பிரிட்ஜையும் சேர்த்துக்கோங்க, பாலத்துக்கு அடியிலயே உக்காந்திருக்கும், மேல இருந்து பாக்கலாம். றெக்கையை V மாதிரி தூக்கிக்கிட்டு தள்ளாடிப் பறந்தா அது டர்க்கி வல்ச்சர்ங்கிற வேற கழுகு. ஒன்பதரை அடி றெக்கையை நேரா விரிச்சு ஆடாம அசையாம போச்சுன்னா காண்டார். நம்பரையும் டேக் கலரையும் குறிச்சு வச்சு எனக்கு அனுப்புங்க.