எந்தச் சாமிதான் உனக்கு?

கேள்வி: எகிப்தியப் புராணம், பைபிள், குர்ஆன் என்று எல்லாம் படிக்கிறேன். கதைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனாலும் கெங்கையம்மன் சிரசு வரும்போது தேங்காய் உடைக்கிறேன். ‘எந்தச் சாமிதான்டா உனக்கு?’ என்கிறார் அம்மா. என் பக்தி போலியா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: போலியே இல்லை. ஆனால் ‘ஒன்றுபோலவே’ என்று சொல்லிவிட்டு நகராதீர்கள், கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். எகிப்தில் துண்டு துண்டாக வெட்டப்பட்ட ஒசைரிஸின் உடலை மனைவி ஐசிஸ் தேடித் தேடிச் சேர்க்கிறாள், உயிரும் வருகிறது, ஆனால் அவன் நம்மோடு வாழத் திரும்பவில்லை, இறந்தவர்களின் உலகத்துக்கு அரசனாகிவிடுகிறான். உங்கள் ஊரில் வைகாசி முதல் தேதி, மாலை மேல் மாலையாக விழ, அந்தச் சிரசு தெருத்தெருவாக வந்து கோயிலில் சேர்வது யாருடைய உடலில்? நீங்கள் கெங்கையம்மனாகக் கும்பிடுகிற, மகன் பரசுராமன் கையால் தலை வெட்டப்பட்ட ரேணுகாதேவியின் சொந்த உடலில் இல்லை, சண்டாளச்சி என்று ஊர் தள்ளிவைத்த பெண்ணின் உடலில். அந்த உடலோடு சேர்ந்த தாயைத்தான் ஊரே கும்பிடுகிறது! எனக்கு இது எந்த நாட்டுப் புராணத்துக்கும் குறையாத பெரிய விஷயம். ஐசிஸைப் படித்ததால்தான் இந்த வித்தியாசம் எனக்கே பளிச்சென்று தெரிந்தது, அதனால் படிப்பு பக்தியைக் கெடுக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, அம்மாவுக்கு என்ன சொல்வது? வாதம் வேண்டாம். சாப்பிட்டு முடித்து உட்காரும் நேரத்தில் ஐசிஸ் கதையைச் சொல்லுங்கள், அப்புறம் ரேணுகா கதையை அவர் வாயால் கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத பாதி அவரிடம் இருக்கும்.