அடாபலீன் ஜெல்: அக்காவுக்கு ஒத்துக்கொண்டது எனக்கு மட்டும் ஏன் எரிகிறது?

கேள்வி: எனக்கு வயது 24. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கன்னங்களிலும் தாடையிலும் சில ஆண்டுகளாக முகப்பரு உள்ளது. ஆறு வாரங்களுக்கு முன் தோல் மருத்துவர் ஒருவர் அடாபலீன் 0.1 சதவீத ஜெல் எழுதிக் கொடுத்தார். இரவில் பரு உள்ள இடங்களில் நன்றாகத் தடவி வருகிறேன். காலையில் சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ்வாஷும் வைட்டமின் சி சீரமும் போடுகிறேன். ஞாயிறுதோறும் கடலை மாவில் எலுமிச்சைச் சாறு கலந்து பூசுவது வழக்கம். இரண்டாம் வாரம் முதல் முகம் எரிகிறது, மூக்கோரத்தில் தோல் உரிகிறது, பருக்களும் முன்பைவிடக் கூடுதலாகத் தெரிகின்றன. இதே ஜெல்லைப் பூசிய என் பெரியம்மா மகளுக்கு மூன்றே மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது. அலுவலகத் தோழியோ, தனக்கு முகமே கறுத்துவிட்டதாகவும் உடனே நிறுத்தும்படியும் சொல்கிறாள். அவள் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்த வேறொரு கிரீமைப் போட்டால் பத்து நாளில் சரியாகிவிடும் என்கிறாள். அதன் அட்டையில் மோமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் என்று அச்சிடப்பட்டுள்ளது. தை மாதத்தில் எனக்குத் திருமணம். இன்னும் ஐந்து மாதங்களே உள்ளன. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் இன்றே செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். தோழி கொடுத்த கிரீமைத் தொடவே வேண்டாம். அடாபலீன் ஜெல்லை எரிச்சல் அடங்கும் வரை, அதாவது நான்கைந்து நாட்களுக்கு நிறுத்தி வையுங்கள். ஆனால் ஒரேயடியாகக் கைவிட்டுவிடாதீர்கள். அந்த நாட்களில் மணமில்லாத மென்மையான ஃபேஸ்வாஷ், காலையும் இரவும் ஒரு மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன் ஆகிய மூன்று மட்டும் போதும். வைட்டமின் சி சீரம், சாலிசிலிக் அமிலம், கடலை மாவு, எலுமிச்சை அனைத்தையும் தள்ளி வைத்துவிடுங்கள்.

உங்கள் அக்காவும் தோழியும் சொல்வது இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இந்த ஜெல்லைப் பற்றி ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்லும்போது, அவர் எவ்வளவு எடுத்தார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பூசினார், அதோடு வேறு என்னென்ன போட்டார், அவருடைய பரு எந்த வகை, எத்தனை வாரம் பொறுத்தார் ஆகியவற்றைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அவற்றைக் கேட்காமல் முடிவை மட்டும் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். என்னிடம் வரும் இளைஞர்களில் பலர், நல்ல மருந்தைத் தவறான அளவில் பூசிப் புண்ணாக்கிக்கொண்டு, 'இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவு கட்டியவர்களாகவே இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோதும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

முகப்பரு நம் கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் தொடங்கிவிடுகிறது. மயிர்க்காலின் உட்சுவரில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து துளையை அடைத்துக்கொள்கின்றன. இந்த நுண்ணடைப்பே பிறகு கரும்புள்ளியாகவோ, சிவந்த பருவாகவோ, சீழ்ப்பருவாகவோ மாறுகிறது. வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினாய்டு மருந்துகள் அந்தச் செல்கள் ஒழுங்காக உதிரும்படி செய்து, அடைப்பு உருவாவதையே தடுக்கின்றன. அழற்சியையும் ஓரளவு குறைக்கின்றன. இவற்றுள் ட்ரெட்டினாயின் 1971-இலேயே அமெரிக்காவில் முகப்பருவுக்கென அனுமதி பெற்றது. 1996-இல் அனுமதி பெற்ற அடாபலீன், அதைவிடக் குறைவாக எரிச்சல் தருவதோடு ஒளியிலும் எளிதில் சிதைவதில்லை.

இதிலிருந்து இரண்டு செய்திகள் உங்களுக்கு முக்கியம். இன்று முகத்தில் தெரியும் பருவை நாளைக்கே வற்றச் செய்வது இந்த ஜெல்லின் வேலை அன்று. அடுத்த மாதம் வரவிருக்கும் பருவைத் தடுப்பதே அதன் வேலை. எனவே பரு உள்ள இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் தடவுவதில் பெரிய பயன் இல்லை; பரு வரக்கூடிய பகுதி முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். அடுத்து, பலன் தெரியத் தொடங்குவதற்கே எட்டு வாரங்கள் ஆகலாம், தெளிவாகத் தெரிவதற்குப் பன்னிரண்டு வாரங்கள் வரை ஆகும். ஆறாவது வாரத்தில் நின்றுகொண்டு மருந்தை எடைபோடுவது அவசரம்.

தொடக்க வாரங்களில் பரு கூடித் தெரிவது சிலருக்கு நேர்வதுதான். உள்ளே ஏற்கெனவே உருவாகியிருந்த அடைப்புகள் விரைந்து மேலே வருவதால் அப்படித் தெரிகிறது என்று கருதப்படுகிறது. வழக்கமாகப் பரு வரும் அதே இடங்களில் வந்து, சில வாரங்களில் படிப்படியாகக் குறைந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் எரிச்சலால் வரும் தடிப்பு வேறு. கழுத்து, மூக்கோரம், வாயோரம் என்று முன்பு பருவே வராத இடங்களில் ஒரே மாதிரியான சிவந்த சிறு பொரிகள் தோன்றும். தண்ணீர் பட்டாலே சுரீரென்று எரியும். தோல் காகிதம்போல் பளபளத்து இறுகும். நீங்கள் விவரிப்பதில் இரண்டும் கலந்திருக்கின்றன என்றே நினைக்கிறேன். இமைகள் வீங்கினாலோ, கடுமையான அரிப்போடு நீர்க்கொப்புளங்கள் வந்தாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது ஜெல்லை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

'நன்றாகத் தடவி வருகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஓரிடத்தில்தான் எனக்குக் கவலை. முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு ஜெல் போதும். நம் மருந்துக்கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் 15 கிராம் டியூப், தினமும் போட்டால்கூட ஒரு மாதமோ அதற்கு மேலோ வர வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது என்றால் தேவையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பூசுகிறீர்கள் என்று பொருள். கூடுதலாகப் பூசினால் பலன் விரைவதில்லை, எரிச்சல் மட்டுமே கூடும்.

எரிச்சல் முழுவதும் அடங்கிய பிறகு இப்படித் தொடங்குங்கள். இரவு முகம் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பதினைந்து இருபது நிமிடம் தோல் நன்றாக உலரட்டும்; ஈரத்தோலில் மருந்து கூடுதலாக உறிஞ்சப்படுவதால் எரிச்சலும் கூடும். முதலில் மெல்லிய படலமாக மாய்ஸ்சரைசர் போடுங்கள். பட்டாணி அளவு ஜெல்லை விரல் நுனியில் எடுத்து, நெற்றி, இரு கன்னங்கள், தாடை ஆகிய இடங்களில் ஒவ்வொரு துளி வைத்துவிட்டுப் பரப்புங்கள். கண்ணைச் சுற்றியும், மூக்கின் இரு மடிப்புகளிலும், உதட்டோரங்களிலும் வேண்டாம். அங்கே முன்னதாகவே சிறிது வாசலின் தடவிக்கொண்டால் ஜெல் வழிந்து சேராது. முதல் இரண்டு வாரங்கள் வாரத்துக்கு இரண்டு இரவுகள், அடுத்து ஒன்றுவிட்டு ஒரு நாள், தோல் தாங்கினால் பிறகு தினமும் என்று ஏற்றிச் செல்லலாம். ஒன்றுவிட்டு ஒரு நாளுக்கு மேல் தாங்காத தோல் சிலருக்கு உண்டு. அவர்கள் அந்த அளவிலேயே நிறுத்திக்கொண்டாலும் நாளடைவில் நல்ல பலன் பெறுகிறார்கள்.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசும் வழக்கத்தை இனி எப்போதுமே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் அமிலத்தன்மை ரெட்டினாய்டால் மென்மையாகியிருக்கும் தோலைப் புண்ணாக்கும்; சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்திட்டும் வரக்கூடும். சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் மோசமானதன்று, இப்போதைக்குத்தான் வேண்டாம். மூன்று மாதம் கழித்து வேண்டுமானால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியிலும் கன்னத்தோரத்திலும் வழிகிறதா என்றும் பாருங்கள். தேங்காய் எண்ணெய் தலைமுடிக்கு நல்லதுதான், ஆனால் பரு வரும் முகத்தில் துளைகளை அடைக்கும்.

உங்கள் தோழிக்கு முகம் கறுத்தது ஏன் என்பதற்கு வருகிறேன். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் எந்த அழற்சி வந்தாலும், அது பருவாக இருந்தாலும் மருந்தின் எரிச்சலாக இருந்தாலும், ஆறிய பின் கருமைத் தடம் விட்டுச் செல்லும். ரெட்டினாய்டு நேரடியாகத் தோலைக் கறுக்க வைப்பதில்லை. முறையாகப் பயன்படுத்தினால் அந்தத் தடங்கள் மங்கவே உதவும். அளவுக்கு மீறிய எரிச்சலும் அதன் மேல் விழும் வெயிலும் சேரும்போதுதான் கருமை படர்கிறது. வெள்ளைத் தோலில் எரிச்சல் சில நாள் சிவப்போடு போய்விடும், நமக்கோ மாதக்கணக்கில் நிற்கும். அமெரிக்காவில் 2016 முதல் அடாபலீன் 0.1 சதவீத ஜெல் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கப்படுவதால், இணையத்தில் குவிந்து கிடக்கும் அனுபவக் குறிப்புகளில் பல, மருத்துவர் யாரும் பார்க்காமல், குளிர்நாடுகளில், வேறு நிறத் தோலில் பயன்படுத்தியவர்கள் எழுதியவை. முதல் நாளே தினமும் போடத் தொடங்கியதாக அவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு நம் பிள்ளைகளும் அப்படியே செய்துவிடுகிறார்கள். காலையில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை இரண்டு விரல்களின் நீளத்துக்கு எடுத்துப் பூசுங்கள். ஈரோட்டு வெயிலில் வண்டி ஓட்டிச் செல்பவராக இருந்தால், ஹெல்மெட் போட்டிருந்தாலும் அது தேவை.

இனி அந்தப் பத்து நாள் கிரீம். அதிலும் ட்ரெட்டினாயின் இருப்பதால் இரண்டும் ஒரே இனம் என்று எண்ணிவிடாதீர்கள். 1975-இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், நிறத்தை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து ஒரு கலவையை வெளியிட்டார். மங்கு போன்ற நிறத்திட்டுகளுக்கு, மருத்துவரின் கண்காணிப்பில், குறுகிய காலத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டிய வகை அது. தோழி கொடுத்திருப்பது அதன் வழிவந்த கலவை. அதிலுள்ள மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் சில நாட்களில் அமுக்கிவிடும், நிறமும் வெளுத்ததுபோல் தெரியும். அதைக் கண்டு மகிழ்ந்து மாதக்கணக்கில் பூசும்போது தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் சிவந்த இழைகளாகத் தெரிய ஆரம்பிக்கும். முகத்தில் பூனைமுடி அடர்த்தியாகும். ஸ்டீராய்டே ஒருவகைப் பருவை உண்டாக்கும். நிறுத்தினால் முகம் தீப்பிடித்ததுபோல் சிவந்து எரிவதால், நிறுத்தவும் முடியாமல் தொடரவும் முடியாமல் தவிக்கும் பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மிகுந்த வேதனையோடுதான் இதை எழுதுகிறேன். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை என்று அறிவித்த பிறகும், கடையில் கேட்டால் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் தோழி வாரக்கணக்கில் பூசிவருகிறார் என்றால், அவரையும் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திடீரென்று நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.

அடாபலீன் மட்டும் போதுமா என்பது பருவின் வகையைப் பொறுத்தது. கரும்புள்ளிகளும் முள்போல் தட்டுப்படும் சிறு பொரிகளும் மட்டும் என்றால் பெரும்பாலும் போதும். சிவந்த பருவும் சீழ்ப்பருவும் இருந்தால் பருக் கிருமிகளைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடும் சேர்த்துத் தருவது வழக்கம். அது தலையணை உறையையும் துண்டையும் வெளுக்க வைக்கும் என்பதால் பழைய வெள்ளைத் துணிகளைப் பயன்படுத்துங்கள். கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாக நெடுநாள் பூசுவது கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போக வழிசெய்யும் என்பதால் நாங்கள் அதைத் தவிர்க்கிறோம். தாடையிலும் கீழ்த்தாடை ஓரத்திலும் மட்டும் திரும்பத் திரும்ப வருவதோடு, மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவதும் முகத்தில் முடி வளர்வதும் இருந்தால், பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். தோலுக்கடியில் வலிக்கும் கட்டிகளோ குழித்தழும்புகளோ தெரிந்தால் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். தழும்பு விழுந்த பின் சரிசெய்வது கடினம். பருவைக் கிள்ளாதீர்கள் என்பதையும் அதனால்தான் சொல்கிறோம்.

திருமணத்துக்கு ஐந்து மாதம் இருப்பது நல்ல அவகாசம். கல்யாணப் பெண்ணின் முகத்தைப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்லும் உறவினர்களின் பேச்சு எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்காக அவசர வைத்தியம் எதிலும் இறங்கிவிடாதீர்கள். ஜெல் பூசும் காலத்தில் பார்லரில் முகத்துக்கு வேக்சிங்கும் பிளீச்சும் வேண்டாம், வேக்சிங்கில் மேல்தோலே கூட உரிந்து வந்துவிடும். கட்டாயம் என்றால் குறைந்தது ஒரு வாரம் முன்பாகவே ஜெல்லை நிறுத்துங்கள். நலங்குக்கு முந்தைய ஒரு வாரமும் ஜெல் வேண்டாம். மஞ்சளைக் கைகளிலும் கால்களிலும் தாராளமாகப் பூசட்டும், கன்னத்தில் தொட்டு வைத்தால் போதும் என்று அம்மாவிடமும் அத்தைமார்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதிய ஃபேஷியல், புதிய மேக்கப் எதையும் திருமணத்துக்கு முந்தைய வாரத்தில் முதன்முறையாகச் செய்து பார்க்காதீர்கள்.

திருமணத்துக்குப் பிறகு குழந்தைக்கு முயலும்போது அடாபலீனை நிறுத்திவிட வேண்டும். தோல் வழியாக இரத்தத்தில் சேரும் அளவு மிகமிகக் குறைவு என்றாலும், கர்ப்ப காலத்தில் ரெட்டினாய்டு எதையும் பூச வேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை. அசெலாயிக் அமிலம் போன்ற மாற்று அப்போது உண்டு. இடையில் யாராவது கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுதிக் கொடுத்தால், திருமண நாளை மறைக்காமல் சொல்லுங்கள். அது கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து என்பதால், சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. ஜெல்லைப் பொறுத்தவரை அவ்வளவு அச்சம் தேவையில்லை. தெரியாமல் பூசிக்கொண்டிருந்தபோதே கரு உண்டாகிவிட்டால், அன்றே நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் சொன்னால் போதும். அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டிய அவசியம் இல்லை.