நாரி நோவுக்குச் சீன ஊசி (அக்குபங்சர்) போடலாமா?

ஒட்டுசுட்டானிலிருந்து 56 வயது விவசாயி ஒருவர் கேட்கிறார்: "4 மாதமாக நாரி நோ. இடது பிட்டத்தால் இறங்கி, கரண்ட் அடித்ததுபோலக் குதிக்கால் வரை இழுக்கிறது. பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கி நாளுக்கு 2 குளிசை போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போகிறேன். பிறசரும் இருக்கிறது. 2009இல் பட்ட செல் துண்டொன்று முதுகில் இன்னும் இருக்கிறது. கனடாவில் இருக்கும் மச்சானுக்குச் சீன ஊசி போட்டுச் சுகமாம். ஒரு போத்தல் சீனக் குளிசையும் அனுப்பியிருக்கிறார். இங்கிலீஷ் மருந்தை விட்டுவிட்டு அதற்கு மாறலாமா?"

ஐயா, முதலில் மச்சானின் போத்தலை மூடி வையுங்கள். ஊசியைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடம்பு மெலிவதற்காகச் சீன மூலிகைக் குளிசை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதாகிப்போனது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயர் கிட்டத்தட்ட ஒன்றாயிருந்த இன்னொரு செடி அதில் சேர்ந்திருந்தது. அதிலிருந்த நஞ்சு அரிஸ்டலோகிக் அமிலம். நம் ஆட்கள் அறிந்த ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே இனச் செடிகள்தான், ஆகவே பழியைச் சீனாவின் தலையில் மட்டும் போட முடியாது. இன்னொரு வில்லங்கமும் உண்டு. போட்டவுடன் நோவைப் பறக்கவைக்கும் சில 'மூலிகை'க் குளிசைகளில் ஸ்டீரோயிட்டை ஒளித்துக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. உங்கள் போத்தலில் என்ன இருக்கிறதென்று மச்சானுக்கும் தெரியாது.

ஆனால் நீங்கள் 4 மாதமாகப் போடும் டைக்ளோபெனாக்கும் அதே சிறுநீரகத்தில்தான் கை வைக்கிறது. பிறசர் இருக்கிறது, வெயிலில் நின்று வியர்க்கிற உடம்பு, அதற்கு மேல் தினமும் 2 குளிசை. வவுனியா, முல்லைத்தீவு விவசாயிகளிடையே ஏற்கெனவே சிறுநீரக நோய் காணப்படுகிறது. அதனால் குடற்புண்ணும் வரலாம். டைக்ளோபெனாக்கை இன்றோடு நிறுத்திவிட்டு, இந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறசரையும், சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று அறிய இரத்தத்தில் கிரியேட்டினினையும், சலத்தில் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குதிக்கால் வரை இழுப்பதைப் பார்த்தால், முள்ளந்தண்டின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதுபோல இருக்கிறது. சோதித்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்லலாம். இந்த வகை நோவுக்கு டைக்ளோபெனாக் பெரிதாக உதவுவதுமில்லை. இங்கிலீஷ் மருத்துவம் என்றால் குளிசை மட்டுமா? பிசியோதெரபிப் பயிற்சியும் அதில்தான் சேர்த்தி. ஒரேயடியாகப் படுத்துவிடாமல் முடிந்த அளவு நடப்பதும் சிகிச்சைதான். பெரும்பாலானவர்களுக்கு வெட்டுக்கொத்து இல்லாமலே மெல்ல மெல்லக் குறையும்.

சரி, ஊசி. 2007இல் வெளியான ஜேர்மன் ஆய்வொன்றில், நாட்பட்ட நாரி நோ உள்ள 1162 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சீன முறைப்படி ஊசி, இன்னொன்றுக்குப் அந்த முறை சொல்லும் புள்ளிகள் இல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி, மூன்றாவதுக்கு வழக்கமான மருந்தும் பயிற்சியும். ஆறு மாதத்தில் 100க்கு 48 பேர், 44 பேர், 27 பேர் என்ற கணக்கில் குணம் கண்டார்கள். ஊசி வழக்கமான சிகிச்சையை முந்திவிட்டது, ஆனால் எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒரே பலன்! இதுபோன்ற ஆய்வுகளை வைத்துக்கொண்டே 2016இல் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி நாரி நோவுக்கு ஊசி வேண்டாம் என்றது. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி போடலாம் என்றது. நான் என்ன சொல்வேன் என்றால், மச்சான் பொய் சொல்லவில்லை, நீங்களும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பயிற்சியோடு சேர்த்துத்தான், அதற்குப் பதிலாக அல்ல. ஊசி போடுபவர் அதைப் படித்துப் பழகியவராக இருக்க வேண்டும், ஊசி உங்கள் கண்முன்னே புதிதாகப் பிரிபட வேண்டும். அந்த ஆய்வில் வாரம் 2 முறையாக 10 முறை போட்டார்கள். அதற்காக ஒட்டுசுட்டானிலிருந்து ஒவ்வொரு தடவையும் யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் குலுங்கிப் போய்வந்தால், கிடைத்த சுகம் திரும்பி வரும் வழியிலேயே போய்விடும். பக்கத்தில் கிடைத்தால் மட்டும் போடுங்கள்.

செல் துண்டைப் பற்றி ஊசி போடுபவருக்கும் வைத்தியருக்கும் கட்டாயம் சொல்லுங்கள். முக்கியமாக, எம்ஆர்ஐ எடுக்க அனுப்பினால் கேட்காமலே நீங்களாகச் சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம், சில உலோகத் துண்டுகள் அதில் அசையவும் சூடாகவும் கூடும். எக்ஸ்ரேயில் துண்டு எங்கே இருக்கிறதென்று முதலில் பார்த்துக்கொள்வார்கள்.

சலம் போக முடியாமல் அடைத்தாலோ, மலம் அறியாமல் போனாலோ, தொடை இடுக்கு உணர்வில்லாமல் விறைத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ ஊசி, குளிசை என்று நாள் கடத்தாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், லாண்ட்மாஸ்டரை இந்தப் போகத்துக்கு வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள். 50 கிலோ உரப்பையையும் நீங்கள் தூக்க வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது மச்சானின் போத்தலையும் மறக்காமல் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.